காலையில் ஒரே செல்ஃப்... சந்தையில் மக்கர்! பழைய வண்டியின் நோயறிந்த கதை

விடியற்காலை 4 மணி. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் லாரிகளுக்கு இடையே ஒரு வெள்ளை ஆம்னி வேன் நிற்கிறது. 12 பெட்டித் தக்காளி, 4 மூட்டை முருங்கை இறங்குகின்றன. கமிஷன் மண்டியில் எடை போட்டு, ஏலம் முடிந்து, சீட்டு வாங்கி வர முக்கால் மணி நேரமாவது ஆகும். அவ்வளவு நேரமும் அந்த வேனின் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. 'ஏண்ணே, பெட்ரோல் என்ன கிணத்துலயா ஊறுது? ஆஃப் பண்ண மாட்டீங்களா?' என்று கேட்கிறார் மூட்டை இறக்கும் இளைஞர். 'ஆஃப் பண்ணா நீதான் தம்பி தள்ளணும்' என்கிறார் வண்டிக்காரர்.

ஓராண்டுக்கு மேலாக இதுதான் நிலைமை. 3 ஏக்கர் கிணற்றுப் பாசனத்தில் தக்காளி, முருங்கை, கொஞ்சம் அவரை போட்டிருக்கும் விவசாயி அவர். வேன் 1998-ம் ஆண்டு மாடல், கார்புரேட்டர் வண்டி. காலையில் வீட்டில் சாவியைத் திருப்பினால் ஒரே செல்ஃபில் பிடித்துக்கொள்ளும். 18 கிலோமீட்டர் ஓடிச் சந்தைக்கு வந்து ஆஃப் செய்தால் அவ்வளவுதான். கால் மணி நேரம் கழித்து என்ன செய்தாலும் பிடிக்காது. ஒரு டீ குடித்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திருப்பினால், எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும்.

வீட்டில் இருப்பது அந்த ஒரே நாலு சக்கர வண்டிதான். சந்தைக்கும் அதுதான், உரம் ஏற்றவும் அதுதான், ஆஸ்பத்திரிக்கும் அதுதான். சென்ற ஐப்பசியில் ஒருநாள் இரவு அவருடைய அம்மாவுக்கு மூச்சுத்திணறல். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலுதவி செய்துவிட்டு, 'உடனே திண்டுக்கல் கொண்டு போங்க' என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து வேனில் படுக்க வைத்துச் சாவியைத் திருப்பினால், செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. 108 வந்தது, அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால், இருட்டில் அந்த வேனுக்குப் பக்கத்தில் நின்ற 20 நிமிடங்களை வீட்டில் யாரும் மறக்கவில்லை. 'இரும்பு விலைக்காவது போட்டுடலாம்ப்பா' என்று மகன் சொல்ல ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

பார்ட்ஸ் மாறியது, நோய் மாறவில்லை

அவர் சும்மா இருக்கவில்லை. முதலில் போன பட்டறையில் பேட்டரி வீக் என்றார்கள். புதுப் பேட்டரி, 4,200 ரூபாய். இரண்டு வாரத்தில் அதே கதை. அடுத்த பட்டறையில் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் மாற்றினார்கள். 1,800 ரூபாய். மூன்றாவது இடத்தில் பிளக், பிளக் ஒயர், காயில். 2,600 ரூபாய். ஆக மொத்தம் 8,600 ரூபாய். கடைசியாகப் போன இடத்தில், 'கார்புரேட்டரையே தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாத்துங்க, 7,500 ஆகும்' என்றார்கள். தக்காளி கிலோ 8 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்த சமயம் அது.

இதில் யாரும் வேண்டுமென்று ஏமாற்றவில்லை என்பதுதான் வேடிக்கை. இலை மஞ்சளாகத் தெரிந்தவுடன் யூரியாவைத் தூக்கிப் போடுகிறோமே, அதே கணக்கு. தழைச்சத்துக் குறைந்தாலும் இலை மஞ்சளாகும், இரும்புச்சத்துக் குறைந்தாலும் மஞ்சளாகும், வேரில் தண்ணீர் தேங்கினாலும் மஞ்சளாகும். அடி இலை மஞ்சளா, கொழுந்து மஞ்சளா என்று பார்க்காமல் போட்ட யூரியா வீண்தான். வண்டியிலும் 'ஸ்டார்ட் ஆகலை' என்பது மஞ்சள் இலை மாதிரி ஓர் அடையாளம் மட்டுமே.

பேட்டரிதான் கோளாறு என்று முதல் பட்டறைக்காரர் ஏன் நினைத்தார்? வண்டி பிடிக்காதபோது இவர் விடாமல் சாவியைத் திருப்பியிருக்கிறார். பத்து முறை, இருபது முறை. பேட்டரி இறங்கிப்போய், செல்ஃப் மெதுவாக முனக ஆரம்பித்த பிறகுதான் மெக்கானிக் வந்திருக்கிறார். அவர் பார்த்தது நோயின் விளைவை. நோயை அல்ல.

இந்த நிலையில்தான் பக்கத்து ஊரில் இருக்கும் ஒரு பெரியவரைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் டிராக்டர், பம்ப்செட், பழைய வண்டிகளைச் சரிசெய்து கொடுக்கிறார். வேனைக் கொண்டுபோய் நிறுத்தினார் இவர். பெரியவர் சாவியைத் திருப்பினார். ஒரே செல்ஃபில் பிடித்தது. டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் காய்ச்சல் விட்டுப்போன பிள்ளை மாதிரி!

பெரியவர் ஸ்பேனரைத் தொடவில்லை. 'எப்போ மக்கர் பண்ணுது, எத்தனை நிமிஷம் நிறுத்துனா பண்ணுது, செல்ஃப் எப்படிச் சுத்துது... இதெல்லாம் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க. பத்துப் பன்னெண்டு நாள் போதும். அப்புறம் பார்ப்போம்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நோட்டு சொன்ன சேதி

மண்டிச் சீட்டுகளைச் செருகி வைக்கும் சின்ன நோட்டில் 12 நாள்கள் எழுதினார் அந்த விவசாயி. காலையில் வீட்டில் முதல் ஸ்டார்ட்: 12 நாளும் ஒரே செல்ஃப். பங்கில் பெட்ரோல் போட ஐந்து நிமிடத்துக்குள் நிறுத்தி எடுத்தது: தொல்லை இல்லை. 10 நிமிடத்திலிருந்து 40 நிமிடம் வரை நிறுத்தியது: ஏறக்குறைய எல்லா முறையும் தொல்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நின்றது: தொல்லை இல்லை. மழை பெய்த ஒருநாள், சந்தையிலும் சீக்கிரம் பிடித்திருக்கிறது. எல்லா முறையும் முதலில் செல்ஃப் 'கிர்ர்ர்' என்று வேகமாகத்தான் சுற்றியிருக்கிறது.

இந்த ஒரு பக்கத்தைப் படித்ததுமே பேட்டரி, செல்ஃப் இரண்டும் வழக்கிலிருந்து விடுதலை. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது என்றால் மின்சாரம் போதுமான அளவு வருகிறது என்று அர்த்தம். ஆக, 6,000 ரூபாய் வீண் செலவு என்பதும் அந்த நோட்டிலேயே தெரிந்துவிட்டது.

நின்ற பிறகு 10 நிமிடம் கழித்து ஏன்? இங்கே ஆம்னியின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1984-ல் 'மாருதி வேன்' என்று வந்து, பிறகு 'ஆம்னி' என்று பெயர் மாறி, 2019 வரை தயாரிக்கப்பட்ட வண்டி இது. 796 சி.சி., 3 சிலிண்டர் இன்ஜின் முன் சீட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. வண்டி ஓடும்போது ரேடியேட்டரில் தண்ணீர் சுற்றி வரும், அடியில் காற்றும் அடிக்கும். சூடு கட்டுக்குள் இருக்கும். ஆஃப் செய்ததும் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும், காற்றும் நின்றுவிடும். ஆனால், இன்ஜின் உலோகத்தில் இருக்கும் சூடு எங்கும் போகாது. சீட்டுக்கு அடியில் அடைபட்டு மேலே ஏறும். அதனால், ஓடும்போது இருந்ததைவிட நின்ற 10, 15 நிமிடத்தில்தான் கார்புரேட்டர் அதிகமாகச் சூடாகும். உலை இறக்கிய பிறகும் அடுப்புக் கல் சுடுவதுபோல.

பெட்ரோல் தண்ணீர் மாதிரி 100 டிகிரியில் கொதிக்கும் ஒரே பொருள் அல்ல, பல எண்ணெய்களின் கலவை. அதில் லேசான பகுதிகள் 35, 40 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாக ஆரம்பித்துவிடும். கார்புரேட்டர் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் சூட்டில் பொங்கினால் இரண்டில் ஒன்று நடக்கும். பொங்கிய பெட்ரோல் இன்ஜினுக்குள் வழிந்து, 'ஓவர்ஃப்ளோ' ஆகி, பிளக்கை நனைத்துவிடும். அல்லது, பம்பிலும் குழாயிலும் ஆவி அடைத்துக்கொண்டு பெட்ரோலே வராமல் போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். ஆனால், வைத்தியம் நேர் எதிர். ஒன்றில் பெட்ரோல் அதிகம், இன்னொன்றில் பெட்ரோலே இல்லை.

'நோய் இருக்கும்போதே பார்க்கணும். நாளைக்குச் சந்தைக்கு நானும் கூட வர்றேன்' என்றார் பெரியவர். நான்கு பட்டறையில் ஒருவரும் சொல்லாத வார்த்தை!

சந்தை வாசலில் பரிசோதனை

மறுநாள் சரக்கு இறக்கியதும் வண்டியை ஆஃப் செய்தார்கள். 15 நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், வழக்கம்போலப் பிடிக்கவில்லை. 'விடுங்க, இனி திருப்ப வேணாம்' என்று சொல்லிவிட்டு சீட்டைத் தூக்கினார் பெரியவர்.

முதலில் நெருப்பு வருகிறதா என்று பார்த்தார். கையோடு கொண்டுவந்த வேறொரு பிளக்கை ஒயரில் மாட்டி, ரப்பர் பிடி போட்ட குறடால் பிடித்து, கார்புரேட்டரிலிருந்து தள்ளி இன்ஜினின் வெறும் உலோகத்தில் அழுத்திக்கொண்டு, செல்ஃபை இரண்டே விநாடி அடிக்கச் சொன்னார். 'பட் பட்' என்று நீல நிறத்தில் பளிச்சென்று பொறி வந்தது. காயில், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் சூட்டிலும் வேலை செய்கிறது என்று அர்த்தம். பொறி மஞ்சளாக, சோனியாக வந்தாலோ, வராமலே போனாலோ கதை வேறு. சில காயில்கள் குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருக்கும், சூடானதும் உள்ளே கம்பி விட்டுவிடும். ஆறியதும் சேர்ந்துகொள்ளும். பாயின்ட் வைத்த பழைய வண்டிகளில் கண்டன்சரும் இந்த வேலையைச் செய்யும். அதனால்தான் இந்தச் சோதனையைச் சூட்டில், பிடிக்காத அந்த நேரத்தில் செய்ய வேண்டும் என்பது.

அடுத்து, வண்டியிலிருந்த ஒரு பிளக்கைக் கழற்றினார். சூடான அலுமினிய ஹெட்டில் பிளக்கை அவசரமாகத் திருகினால் மரை போய்விடும், நிதானமாகத்தான் கழற்ற வேண்டும். வெளியே வந்த பிளக் கறுத்துப்போய், ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தது. 'பெட்ரோல் வரலைன்னு நினைச்சோம். இங்கே பாருங்க, வெள்ளமா வந்திருக்கு' என்றார். பிளக் காய்ந்து, வாடையே இல்லாமல் இருந்திருந்தால் ஆவி அடைப்பு. அப்போது பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டு ஆறவிட்டால் பிடித்துக்கொள்ளும். இங்கே அது தேவைப்படவில்லை.

ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தபோதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. கார்புரேட்டர் வாயில் இருக்கும் சோக் தகடு நேராக நிமிர்ந்து நிற்காமல், கால்வாசி சாய்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தது. டேஷ்போர்டில் சோக் குமிழ் முழுவதும் உள்ளேதான் இருந்தது. ஆனால், நடுவில் கேபிள் துருப்பிடித்து இறுகிப்போய், குமிழைத் தள்ளினாலும் தகடு திரும்பவில்லை. சோக் என்பது குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைத்து பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும் ஏற்பாடு. காலையில் ஒரே செல்ஃபில் பிடித்த பெருமைக்குக் காரணமே இந்தப் பாதி மூடிய சோக்தான்! சூடான இன்ஜினுக்கு அதே சோக் தொண்டைக்குள் ஊற்றிய மாதிரி ஆகிவிட்டது.

பெரியவர் விரலால் தகட்டை நிமிர்த்திவிட்டு, ஃபில்டர் மூடியைத் திரும்ப மாட்டினார். ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் கார்புரேட்டரில் இருக்கும் சிறு பம்ப் இன்னும் கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சும். முழுதாக மிதித்துப் பிடித்தால் காற்று நிறைய உள்ளே போய், தேங்கிய பெட்ரோலை வெளியே தள்ளும். எட்டு விநாடி சுற்றியது. கரும்புகையைத் துப்பிக்கொண்டு இன்ஜின் பிடித்தது. மூட்டை இறக்கும் இளைஞர்தான் முதலில் விசில் அடித்தது.

ஒன்றல்ல, இரண்டு கோளாறு

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். புது சோக் கேபிள் போட்ட பிறகும் அடுத்த வாரத்தில் இரண்டு நாள் லேசாக மக்கர் செய்தது. முன்புபோல ஒரு மணி நேரம் காக்க வைக்கவில்லை, நாலைந்து முறை சுற்றிய பிறகு பிடித்தது. பழைய வண்டிகளில் இது சகஜம். பெரிய கோளாறு ஒன்றைச் சரிசெய்ததும், அதன் நிழலில் ஒளிந்திருந்த சின்னது வெளியே தெரியும். 'அப்போ அவர் சொன்னதும் தப்பு' என்று அடுத்த பட்டறைக்குப் போயிருந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இவர் நோட்டோடு மறுபடி வேப்பமரத்தடிக்குப் போனார். இந்த முறை, சூடான இன்ஜினை ஆஃப் செய்து 10 நிமிடம் கழித்து, ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கார்புரேட்டர் தொண்டைக்குள் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் இறங்கிக்கொண்டிருந்தது. கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்ததும் மிதவை மேலே எழும்பி, நீடில் வால்வை அழுத்தி வரத்தை அடைக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் பந்து வால்வு மாதிரிதான். அந்த நீடிலின் முனை தேய்ந்து வளையம் விழுந்திருந்தது. முழுதாக அடைக்காமல் கசிந்து, கிண்ணம் எப்போதும் விளிம்பு வரை நிறைந்திருந்தது. கொஞ்சம் சூடேறினாலும் வழிந்துவிடும்.

அதே நேரத்தில் பெரியவர் இன்னொன்றையும் காட்டினார். பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் வளையும் இடத்தில் பாளம் பாளமாக வெடித்திருந்தது. மடக்கினால் விரலில் பெட்ரோல் ஈரம். வேனுக்குள் எப்போதும் வந்த அந்த வாடையை, 'பழைய வண்டின்னா அப்படித்தான்' என்று வீட்டில் பழகிப்போயிருந்தார்கள். சீட்டுக்கு அடியில், சூடான சைலன்சர் பைப்புக்கு மேலே, கசியும் குழாய். மணிக்கணக்கில் இன்ஜினை ஓடவிட்டு, போதாக்குறைக்கு பங்கிலும் ஆஃப் செய்யாமல் பெட்ரோல் போட்ட வண்டி அது. ஸ்டார்ட் ஆகாத தொல்லையைவிட இதுதான் உயிருக்கு உலை வைத்திருக்கும்.

இப்போது பங்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். 20 சதவிகிதம் வரை கலப்பு வந்துவிட்டது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் அதைத் தாங்கும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் போட்டிருக்கிறார்கள். 20, 25 வருட வண்டிகளின் பழைய ரப்பர் குழாய், பம்ப் டயாபிராம், வாஷர்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை சீக்கிரம் ஊறி, இளகி, வெடிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியில் டேங்க் அடியில் தண்ணீர் சேர்ந்து, துருவும் வரும். பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் எத்தனால் தாங்கும் குழாயாகக் கேட்டு வாங்கி மாற்றிவிடுவது நல்லது. மீட்டர் கணக்கில் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது.

சோக் கேபிள் 250, நீடில் வால்வு செட் 350, குழாயும் கிளிப்பும் 200, கூலி 500. மொத்தம் 1,300 ரூபாய். கூலி ஊருக்கு ஊர் மாறும்தான். ஆனாலும், 8,600 ரூபாய்க்குப் பிறகு இந்தக் கணக்கை எழுதும்போது அந்த விவசாயி சிரிக்கவில்லை.

செல்ஃபே சுற்றவில்லை என்றால்?

எல்லா வண்டியும் ஒரே மாதிரி படுத்துக்கொள்வதில்லை. சாவியைத் திருப்பியதும் காதில் விழும் சத்தத்தை வைத்துத்தான் வழி பிரிகிறது. வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், மேலே சொன்னபடி பொறியா, பெட்ரோலா என்று பார்க்க வேண்டும். முனகி முனகிச் சுற்றினாலோ, 'டக்' என்ற ஒரு சத்தத்தோடு நின்றாலோ அது மின்சாரத்தின் பக்கம்.

அதற்கும் உடனே பேட்டரி வாங்க ஓட வேண்டியதில்லை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்க்கலாம். லைட் அணைகிற மாதிரி மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் பிடிப்பு சரியில்லை. லைட் மங்கவே இல்லை, செல்ஃபும் சுற்றவில்லை என்றால் சாவி சுவிட்ச், செல்ஃபின் சோலனாய்டு பக்கம் பார்க்க வேண்டும். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் ஒயரைக் கழற்றி (மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும்), சமையல் சோடா கரைத்த வெந்நீரில் கழுவித் துடைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினால் போதும். புதுப் பேட்டரி வாங்கியவர்களில் பலருக்குப் பழைய பேட்டரியே நன்றாக இருந்திருக்கும். மாற்றும்போது டெர்மினலைச் சுத்தம் செய்ததால்தான் வண்டி ஓடியிருக்கும்.

வீட்டில் ஒரு மல்டிமீட்டர் இருப்பது பம்ப்செட்டுக்கும் உதவும், வண்டிக்கும் உதவும். சில நூறு ரூபாய்தான். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12-க்குப் பக்கத்தில் இறங்கினால் ஏறக்குறைய காலி. செல்ஃப் சுற்றும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே வெகுவாக விழக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது. அப்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால், எத்தனை புதுப் பேட்டரி போட்டாலும் இறங்கத்தான் செய்யும்.

பேட்டரியில் 12.6 இருந்தும் சூட்டில் மட்டும் முனகுகிறதா? எர்த் ஒயரைச் சந்தேகப்பட வேண்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும், மறுமுனையை இன்ஜின் உலோகத்திலும் வைத்துச் செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எர்த் பட்டை துருப்பிடித்து மின்சாரத்தைக் குடிக்கிறது என்று அர்த்தம். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கினால் தீர்ந்துவிடும். அதுவும் சரியாக இருந்தால்தான் செல்ஃப் மோட்டாரைக் கழற்றலாம். தேய்ந்த பிரஷ்ஷும் புஷ்ஷும் சூட்டில் மக்கர் செய்வது உண்டு.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

*'எங்களுடையது டீசல் ஜீப். காலையில் கஷ்டமில்லை. ஓடி நின்ற பிறகு ஸ்டார்ட் ஆவதில்லை. பம்ப் மேல் தண்ணீர் ஊற்றினால் எடுக்கிறது. இது சரியா?'*

அடையாளம் சரி, செய்முறை தவறு. டீசலில் பிளக் பொறி கிடையாது. பம்ப் கொடுக்கும் அழுத்தமும், சிலிண்டரில் காற்று இறுகும் சூடும்தான் எல்லாம். ரோட்டரி வகைப் பம்பின் உட்பாகம் தேய்ந்திருந்தால், சூட்டில் டீசல் நீர்த்துப்போய் உள்ளேயே கசிந்து, நாசிலுக்குப் போதிய அழுத்தம் போகாது. ஆறினால் டீசல் கொஞ்சம் கெட்டிப்பட்டு வேலை செய்யும். பம்பைப் பிரித்துப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். சூடான பம்பில் குளிர்ந்த தண்ணீரைத் திடீரென ஊற்றினால் உள்ளே இறுகி ஒரேயடியாகப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஈரத்துணி போர்த்தினாலே பரிசோதனைக்குப் போதும். அதற்கு முன், டீசல் ஃபில்டரை மாற்றிவிட்டு, குழாய் இணைப்புகளில் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். செலவு குறைந்ததிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. காலையில் மட்டும் கஷ்டம் என்றால் அது வேறு நோய். ஹீட்டர் பிளக், பேட்டரி, கம்ப்ரஷன் மூன்றையும் பார்க்க வேண்டும்.

*'கார்புரேட்டர் இல்லாத எம்.பி.எஃப்.ஐ வண்டி. தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?'*

பேட்டரி இறங்கியதால் ஒருமுறை அவசரத்துக்குத் தள்ளுவது வேறு. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்காத வண்டியைத் தள்ளிக்கொண்டே இருந்தால், எரியாத பெட்ரோல் சைலன்சரில் இருக்கும் கன்வர்ட்டருக்குப் போய் அதைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். அது விலை கூடிய பாகம். இந்த வகை வண்டிகள் சூட்டில் மக்கர் செய்தால் கிராங்க் சென்சார், கூலன்ட் வெப்பநிலை சென்சார், டேங்கில் இருக்கும் மின் பம்ப் மூன்றும் முதல் சந்தேகத்துக்குரியவை. சாவியை ஆன் செய்ததும் பின்பக்கத்திலிருந்து இரண்டு விநாடி 'உம்ம்' என்று பம்ப் ஓடும் சத்தம் வர வேண்டும். சத்தமே இல்லை என்றால், ஃபியூஸையும் ரிலேயையும் பார்த்துவிட்டுப் பம்புக்குப் போகலாம். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போவது வீண் அலைச்சலைக் குறைக்கும்.

*'பாட்டிலில் பெட்ரோல் வைத்து கார்புரேட்டர் வாயில் ஊற்றி ஸ்டார்ட் செய்கிறோம். பரவாயில்லையா?'*

கூடவே கூடாது. இன்ஜின் ஒரு முறை பின்வாங்கி வெடித்தால் தீ நேராக முகத்துக்குத்தான் வரும். கையில் பெட்ரோல் பாட்டிலும் இருக்கும். ஆம்னி மாதிரி சீட்டுக்கு அடியில் இன்ஜின் இருக்கும் வண்டியில் இதைச் செய்வது வீட்டுக்குள் அடுப்பில் பெட்ரோல் ஊற்றுவதற்குச் சமம். அதேபோல, திரும்ப ஸ்டார்ட் ஆகாது என்று பயந்து, மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டு வைக்காதீர்கள். வாடை தெரியாத விஷப்புகை சேரும். செல்ஃபை ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் அடிக்காமல், நடுவில் அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள்.

இப்போது...

தை மாதத்திலிருந்து அந்த வேன் சந்தையில் ஆஃப் செய்யப்பட்டுத்தான் நிற்கிறது. முன்பு தினம் முக்கால் மணி நேரம் சும்மா ஓடிய பெட்ரோலே மாதத்துக்குப் பத்து லிட்டர் பக்கம் இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார் வண்டிக்காரர். பங்கிலும் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் இறங்குகிறார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சின்னத் தீயணைப்பு உருளை ஒன்று வந்திருக்கிறது. அது மகன் வாங்கி வைத்தது. இரும்புக் கடைப் பேச்சை அவர் விட்டுவிட்டார் என்றாலும், ஆர்.சி புதுப்பிக்க இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது, அப்போது எஃப்.சி-யில் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை அந்தச் சோதனை உண்டு. பாடியில் துரு அரிக்காமல் இருந்தால்தான் தேறும்.

அம்மாவுக்கு மாதம் ஒருமுறை திண்டுக்கல் போக வேண்டியிருக்கிறது. சென்ற முறை ஆஸ்பத்திரி வாசலில் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு, எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு சாவியைத் திருப்பும் முன் ஒரு நொடி யாரும் பேசவில்லை. ஒரே செல்ஃப்.

நோட்டு இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது. வேன் பக்கம் முடிந்து, இப்போது போர்வெல் மோட்டார் எந்த நேரத்தில் டிரிப் ஆகிறது, அப்போது வோல்ட்டேஜ் எவ்வளவு என்று எழுதிக்கொண்டிருக்கிறார்.